குன்னூர் டிரங்குப் பெட்டியில் ஒரு சுதைத் தலை: போரில் போன பொருள் நம் வீட்டில் இருந்தால்

குன்னூரில் ஒரு பழைய பங்களாவை விற்பதற்காகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மாடி அறையில் கிடந்த டிரங்குப் பெட்டிக்குள், செய்தித்தாள் சுற்றி, ஒரு தலை இருந்தது. சுதைத் தலை. நம் கோபுரங்களில் பார்க்கிற அதே சுண்ணாம்புச் சுதைதான், ஆனால் முகம் நம் ஊர் முகம் இல்லை. பாதி மூடிய கண்கள், நேரான மூக்கு, அலையலையாக மேலே வாரிவிட்ட முடி, உதட்டோரம் நூல் கனத்துக்கு மங்கிய சிவப்பு. வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது, கணவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. கோயம்புத்தூரிலிருந்து உதவிக்கு வந்திருந்த அவருடைய தம்பி மகன்தான் எனக்குப் போன் செய்தார். கோத்தகிரி, குன்னூர் பக்கம் நடுகல், கல்திட்டை, கல்வட்டம் எல்லாவற்றையும் படம் எடுத்து, அளந்து, எழுதி வைக்கிற வேலையைச் சில நண்பர்களோடு செய்துவருகிறேன். அதனால் வீட்டில் ஏதாவது பழைய பொருள் கிடைத்தால் யாராவது கூப்பிடுவது வழக்கம்.

போர் நடக்கும் நாடுகளிலிருந்து கொள்ளை போன தொல்பொருள் என்றதும் நமக்கு லண்டன், நியூயார்க் ஏலக்கூடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வளைகுடாவில் சம்பாதித்தவர்கள், ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்கள், தேயிலைக் கம்பெனி அதிகாரிகள் என்று பல நாடு பார்த்தவர்கள் குடியிருந்த வீடுகள் நீலகிரியில் ஏராளம். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது, வீடுகள் விற்பனைக்கு வருகின்றன, உள்ளே இருக்கிற சாமான் மொத்தமாக லாரியில் ஏறுகிறது. அதில் எத்தனை பொருள் எந்த நாட்டு மண்ணிலிருந்து வந்தது என்று கேட்க யாரும் இல்லை. இந்த ஒரு வீட்டில் கேட்க முடிந்தது, அதனால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன். குடும்பத்தார் சம்மதித்திருக்கிறார்கள், அடையாளம் காட்டும் விவரம் எதையும் சேர்க்கவில்லை.

தலையைவிட முக்கியமான குப்பை

நான் போய்ச் சேர்ந்தபோது தலை சமையலறை மேடையில் இருந்தது. கழுவுவதற்காக எடுத்து வந்திருக்கிறார்கள். சமையல் செய்யும் அக்கா மட்டும் பாத்திரப் பொடி போட்டுத் தேய்க்க மாட்டேன் என்று மறுத்திருக்கிறார். "சாமியோ மனுஷனோ, தூங்குற முகத்துல யாராவது பொடி போட்டுத் தேய்ப்பாங்களா" என்றார். அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஏனென்றால் காது மடிப்பிலும் முடிச் சுருளிலும் கழுத்தின் உட்குழிவிலும் வெளிறிய மஞ்சள் மண் இறுகி ஒட்டியிருந்தது. எந்த மண்ணில் கிடந்தது என்பதற்கு அந்தப் பொருளிடம் மிஞ்சியிருக்கிற சாட்சி அது ஒன்றுதான், ஒரு குடம் தண்ணீரில் போயிருக்கும்.

முதல் வேலையாகக் கேட்டது, பெட்டிக்குள் இருந்த தாள்கள் எங்கே என்று. மாடியில் பழைய புத்தகக் குவியலோடு எரிப்பதற்காகக் கட்டி வைத்திருந்தார்கள். தம்பி மகனுக்கு என் அவசரம் புரியவில்லை. "சார், சிலை கீழே இருக்கு, நீங்க குப்பையைத் தேடுறீங்களே?" என்றார். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்தோம். தலையைச் சுற்றியிருந்தது உருதுப் பத்திரிகை. ஊரில் உருது படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பாகிஸ்தானின் பெஷாவர் நகரப் பதிப்பு, 1995ஆம் ஆண்டு என்று தலைப்பு வரியைப் படித்துச் சொன்னார். அதற்கு மேல் இன்னொரு சுற்று துபாய் ஆங்கிலப் பத்திரிகை. பெட்டியின் அடியில், பாச்சா உருண்டை வாசனையோடு, நான்காக மடித்த ஒரு கடை ரசீது கிடந்தது. துபாய்க் கடை, 1996ஆம் ஆண்டு, பொருள் விவரம் என்ற இடத்தில் "அலங்காரப் பிளாஸ்டர் தலை, ஒன்று".

இந்த மூன்று தாளும் சேர்ந்து ஒரு பாதையைச் சொல்கின்றன. பெஷாவரில் யாரோ சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், துபாயில் பிரித்து விற்றிருக்கிறார்கள், வாங்கியவர் மறுபடி சுற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறார். பத்திரிகைத் தேதி கட்டிய நாளைத்தான் சொல்லும். தோண்டிய நாளை அது சொல்லாது. ஆனாலும் அந்த வருடத்துக்குப் பெரிய கனம் இருக்கிறது.

அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். கணவர் துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தவர். வெள்ளிக்கிழமை பழைய பொருள் கடைகளைச் சுற்றுவது அவருக்குப் பிடிக்கும். "ஆப்கானிஸ்தான்லேர்ந்து வந்ததுன்னு கடைக்காரன் மெதுவாச் சொன்னானாம் தம்பி, ரசீதுல மட்டும் அப்படி எழுத முடியாதுன்னுட்டானாம்." இந்த ஒரு வாக்கியம் எந்தத் தாளிலும் இல்லை, அவர் நினைவில் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினோம். இந்த மாதிரி வேலையில் வயதானவர்களின் வாய்மொழிதான் முதலில் காப்பாற்ற வேண்டிய பொருள். சுதை இன்னும் நூறு வருடம் இருக்கும்.

அந்த வருடங்களில் காபூலில் நடந்தது

ஆப்கானிஸ்தானின் கிழக்கே ஜலாலாபாத்துக்குப் பக்கத்தில் ஹட்டா என்ற இடம். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் பௌத்த மடங்கள் நிறைந்திருந்த ஊர். அங்கே கல் சிற்பத்தைவிட மண்ணும் சுதையும்தான் அதிகம். சுவரோடு ஒட்டி உருவங்களைச் செய்து, மேலே சுதை பூசி, வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். கிரேக்கச் சாயல் கொண்ட அந்த முகங்களை 1920களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தார்கள். ஒரு பங்கு பாரிஸின் கிமே அருங்காட்சியகத்துக்குப் போனது, மற்றது காபூல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1970களில் ஆப்கானிய ஆய்வாளர்களே தாபா ஷோதோர் மடத்தை அற்புதமாக வெளிக்கொண்டு வந்து, சிற்பங்களை எடுத்த இடத்திலேயே நிறுத்திக் காட்சிக்கு வைத்தார்கள். பின்னால் வந்த போரில் அந்த இடமே நாசமானது. உடலைச் சுவரிலிருந்து பெயர்ப்பது கஷ்டம், தலையைக் கழுத்தில் தட்டினால் வந்துவிடும், விலையும் தலைக்குத்தான். உலகச் சந்தையில் உடல் இல்லாத ஹட்டா தலைகள் இத்தனை திரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

காபூல் அருங்காட்சியகம் நகரத்துக்குத் தென்மேற்கே தாருலமானில் இருக்கிறது. 1992இல் ஜனாதிபதி நஜிபுல்லாவின் ஆட்சி விழுந்ததும் அந்தப் பகுதி குழுச் சண்டையின் நடுவே மாட்டிக்கொண்டது. 1993 மே மாதம் ராக்கெட் விழுந்து மேல்தளம் எரிந்தது. கிடங்குகளை உடைத்து அள்ளினார்கள். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது சேகரிப்பில் சுமார் 70 சதவீதம் போயிருந்தது. அள்ளிய பொருளுக்கு முதல் சந்தை எல்லை தாண்டினால் வரும் பெஷாவர். 1995 தேதியிட்ட பெஷாவர் பத்திரிகை குன்னூரில் கிடைத்தபோது எனக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

அதே அருங்காட்சியகத்தின் இன்னொரு பாதி கதை வேறு. 1980களின் கடைசியில், சோவியத் படை வெளியேறிய சமயத்தில், அருங்காட்சியக ஊழியர்கள் அருமையான பொருட்களைத் தேர்ந்தெடுத்துப் பெட்டியில் போட்டு ஜனாதிபதி மாளிகை வளாகத்தில் இருந்த மத்திய வங்கிப் பெட்டகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வட ஆப்கானிஸ்தானில் தில்லியா தெபே என்ற பழைய ஈமக் காட்டில் 1978இல் சோவியத் தொல்லியலாளர் விக்டர் சரியானிதி கண்டெடுத்த 20,000க்கும் மேற்பட்ட தங்கத் துண்டுகளும் அதில் அடக்கம். தஹ்வில்தார் எனப்படும் சாவிப் பொறுப்பாளர்களும் ஒமாரா கான் மசௌதி போன்ற அதிகாரிகளும் அத்தனை ஆட்சி மாற்றத்திலும் வாயைத் திறக்கவில்லை. சம்பளம் இல்லாமல், மிரட்டலுக்கு நடுவே, சில பேர் சந்தையில் காய்கறி விற்றுப் பிழைத்தார்கள் என்று சொல்வார்கள். 2004இல் பெட்டகத்தைத் திறந்து எண்ணினபோது எல்லாம் இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இப்படிப்பட்ட காவல்காரர்கள் பெயர் நம் பள்ளிப் பாடத்தில் வர வேண்டும்.

2001இல் பாமியான் புத்தர் சிலைகளைத் தாலிபான்கள் தகர்த்த அந்தக் காலத்திலேயே அருங்காட்சியகத்தில் மிச்சம் இருந்த உருவச் சிலைகளையும் சுத்தியலால் உடைத்தார்கள். ஹட்டா சுதைச் சிற்பங்கள் தூள்தூளாயின. அந்த ஊழியர்கள் துண்டுகளைக் கூட்டிப் பெருக்கி எறியவில்லை, பைகளில் அள்ளி வைத்தார்கள். பிற்பாடு சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான துண்டுகளை வகை பிரித்து, பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டு, ஒட்ட ஆரம்பித்தார்கள். எந்த மூக்கு எந்த முகத்துக்கு என்று தேடிக்கொண்டிருக்கிற ஊர் அது. அந்த ஊர்ச் சாயலில் முழு மூக்கோடு ஒரு முகம் நம் ஊர் மேஜையில் இருந்தது.

தலையைப் பரிசோதித்தது

பெஷாவரில் நல்ல போலிகளும் செய்வார்கள், குறிப்பாக ஹட்டா பாணியில். அதனால் முதல் நாளிலேயே "இது அசல்" என்று யாரும் குதிக்கக் கூடாது. எங்களால் செய்ய முடிந்தது பதிவு. பொருட்களை அடையாளப்படுத்த 1997இல் அறிமுகமான ஆப்ஜெக்ட் ஐடி என்ற உலகப் பொதுப் படிவம் இருக்கிறது, காவல்துறை, சுங்கம், அருங்காட்சியகம் எல்லோருக்கும் புரியும்படி அமைத்தது. என்ன பொருள், எதனால் செய்தது, அளவு, எழுத்தோ முத்திரையோ உண்டா, இதற்கு மட்டுமே உள்ள தழும்பு என்ன, என்ன உருவம், எந்தக் காலம், கூடவே எல்லாப் பக்கமும் புகைப்படம். தழும்பு என்ற இடம்தான் உயிர். ஒரே அச்சில் வார்த்த முகங்கள் பல இருக்கலாம், ஆனால் இடது புருவத்துக்கு மேல் அரிசி அளவு பெயர்ந்த இந்தப் பள்ளம் வேறு எதற்கும் இருக்காது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பக்கவாட்டு நிழல் விழும்படி எடுத்தோம். குன்னூர் மூடுபனியில் நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருந்து எடுக்க வேண்டியிருந்தது, அது பரவாயில்லை.

கழுத்துப் பகுதியில்தான் நிறைய நேரம் செலவிட்டேன். அருங்காட்சியகத்தில் இருந்த தலை என்றால் உட்குழிவிலோ அடியிலோ மையால் எழுதிய பதிவு எண், அல்லது அதைச் சுரண்டிய அடையாளம் இருக்க வாய்ப்புண்டு. தாங்கியில் நிறுத்தத் துளை போட்டிருப்பார்கள். இதில் எண்ணும் இல்லை, சுரண்டலும் இல்லை, துளையும் இல்லை. உடைந்த விளிம்பில் பெரும்பகுதி மண் படிந்து மஞ்சளாக இருக்க, ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் வெள்ளையாகப் புது உடைப்பு. கடப்பாரையோ உளியோ பட்ட இடம் மாதிரி. அருங்காட்சியகத்திலிருந்து திருடியதைவிட, கொள்ளைக்காரர்கள் நேராக மண்ணிலிருந்து எடுத்தது என்பதற்கே என் வோட்டு.

இது நிம்மதி தரும் செய்தி இல்லை. அருங்காட்சியகத்திலிருந்து போன பொருளுக்குப் பதிவேடு, பழைய படம், ஆப்கான் வரலாற்று ஆய்வாளர் நான்சி டூப்ரே 1974இல் கொண்டுவந்த மாதிரியான படக் கையேடு என்று எங்காவது ஒரு தடம் இருக்கும். மண்ணுக்குள்ளிருந்து இரவில் எடுத்த பொருள் உலகத்தின் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. யாரும் காணோம் என்று புகார் கொடுக்க முடியாது, ஏனென்றால் அது இருந்ததே யாருக்கும் தெரியாது. இன்டர்போல் 2021இல் வெளியிட்ட ஐடி-ஆர்ட் செயலியைப் போனில் இறக்கி, படம் போட்டுத் தேடினோம். பொருந்தி எதுவும் வரவில்லை. தம்பி மகன் உடனே, "அப்போ திருட்டுப் பொருள் இல்லைன்னு ஆச்சு இல்ல சார்?" என்றார். பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லை என்றால் புகார் பதிவாகவில்லை என்று மட்டுமே பொருள். அதேபோல உலக அருங்காட்சியகப் பேரவை வெளியிடும் சிவப்புப் பட்டியல்கள் இருக்கின்றன: ஈராக்குக்கு 2003இல், சிரியாவுக்கு 2013இல், உக்ரைனுக்கு 2022இல், ஆப்கானிஸ்தானுக்கும் உண்டு. அவை களவு போன பொருட்களின் பட்டியல் கிடையாது. இந்த நாட்டிலிருந்து இந்த வகைப் பொருள் வந்தால் சந்தேகப்படு என்று சொல்கிற வகைப் பட்டியல். ஆப்கானிஸ்தான் பட்டியலில் பௌத்தச் சிற்பங்களும் ஒரு வகை. நமக்கு அது போதும்.

ஹீத்ரோ வழக்கு ஒன்று இதற்கு மிகப் பக்கத்தில் வருகிறது. 2002இல் பெஷாவரிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் வந்த மரப்பெட்டிகளில் காந்தாரப் பாணித் தலைகள், அதாவது ஹட்டா தலைகளின் அதே கிரேக்கச் சாயல் பௌத்தக் கலை, பிடிபட்டன. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அவற்றை ஆராய்ந்து, ஆவணப்படுத்தி, காபூலுக்குத் திருப்பித் தருவதாக 2019இல் அறிவித்தது. பிடித்தது முதல் திருப்புவது வரை பதினேழு வருடம். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பொருள்தான் அதுவும். பெட்டி எங்கிருந்து ஏறியது என்பது தெரிந்திருந்ததால் கதை நின்றது.

சட்டம் என்ன சொல்கிறது

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம் வீட்டில் இருந்தால் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும், உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பவே கூடாது. பொருள் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்று அந்த வரையறை கேட்கவில்லை. ஆக ஆப்கானியத் தலையானாலும் வைத்திருப்பவருக்கு இந்தப் பொறுப்பு உண்டு.

சர்வதேச அளவில், பண்பாட்டுப் பொருள் கடத்தலைத் தடுக்கிற 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 1977இல் சேர்ந்தது, ஆப்கானிஸ்தான் 2005இல். இரண்டு நாடும் சேர்ந்த பிறகு நடந்ததற்குத்தான் அது பொருந்தும். அதுவும் அருங்காட்சியகப் பொருளைத் திரும்பக் கேட்கும் பிரிவு, அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்ததற்கு ஆவணம் கேட்கிறது. நம் தலை வாங்கியது 1996, பதிவேட்டிலும் இல்லை. ஈராக், சிரியா பொருளாக இருந்தால் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 2199ஆம் தீர்மானம் உண்டு: ஈராக்கிலிருந்து 6 ஆகஸ்ட் 1990க்குப் பிறகும் சிரியாவிலிருந்து 15 மார்ச் 2011க்குப் பிறகும் சட்டவிரோதமாக வெளியேறிய எதையும் எந்த நாட்டிலும் விற்க விடக் கூடாது. ஆப்கானிஸ்தானை அந்தத் தீர்மானம் தொடவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், குன்னூர் தலையை யாரும் வழக்குப் போட்டுத் திரும்ப வாங்க வழி மிகக் குறைவு. வைத்திருப்பவர் தானாக முன்வந்தால் மட்டுமே அது வீடு திரும்பும். வீட்டில் பழைய பொருள் வைத்திருக்கிற குடும்பங்களிடம் நான் கெஞ்சுவது இந்தக் காரணத்துக்காகத்தான்.

இதற்கிடையில் பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஒரு தொகை சொன்னாராம், ரசீதையும் பத்திரிகையையும் தூக்கிப் போட்டால் இன்னும் கூடத் தரலாம் என்றாராம். யோசித்துப் பாருங்கள். வந்த வழியை அழித்தால் விலை ஏறுகிறது. கொள்ளைச் சந்தை முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் ஓடுகிறது.

தெருவில் சிலர் வேறு யோசனை சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம், ஏதாவது புத்த விகாரையில் வைத்துவிடலாம் என்று. நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் பதியாமல் கொடுத்தால் பத்து வருடத்தில் "எங்கள் பள்ளியில் இருந்த சிலை" என்று புதுக் கதை பிறந்துவிடும், பெஷாவரும் துபாயும் காணாமல் போகும்.

இந்த மலையிலும் இதே கதைதான்

நீலகிரியில் போர் நடக்கவில்லை, ஆனால் மண்ணிலிருந்து எடுத்துத் தடம் தெரியாமல் போன பொருள் என்றால் என்ன என்று இந்த மலைக்கு நன்றாகத் தெரியும். மலை முகடுகளில் இருக்கும் கல்வட்டங்களையும் ஈமக் குவியல்களையும் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் பொழுதுபோக்காகவே தோண்டினார்கள். எருமையும் குதிரைக்காரனும் உட்கார்ந்திருக்கிற பானை மூடிகள், மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள், தங்க நகைகள் எல்லாம் இறங்கிப் போயின. பெரும்பாலானவற்றுக்கு "நீலகிரி" என்ற ஒரு சொல்லைத் தவிர முகவரி இல்லை.

மாவட்டத்தின் முதல் கமிஷனரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் மட்டும் எந்த இடத்தில் எந்தக் குவியலில் என்ன கிடைத்தது என்று எழுதி வைத்தார். 1872இல் அவர் இறந்தபின் 1873இல் அது புத்தகமாக வந்தது. ஊட்டியில் இருக்கும் பிரீக்ஸ் பள்ளி அவர் நினைவாக வந்ததுதான். அவர் எடுத்துச் சென்றதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்த ஈமச் சின்னங்கள் இங்கே வாழ்ந்த மக்களுடையவை, அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இன்றைக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலோ லண்டனிலோ ஒரு மூடியைப் பார்த்து, அது எந்த மேட்டில் கிடைத்தது என்று நம்மால் கேட்க முடிகிறது என்றால் அந்தத் தாளால்தான். புதையல் ஆசையில் இன்னும் சில பேர் கல்திட்டைகளைப் பெயர்க்கிறார்கள். கரிக்கியூர் பாறை ஓவியங்கள் மேல் பெயர் எழுதிக் கெடுத்த கூட்டமும் உண்டு. அங்கெல்லாம் நம்மிடம் இருக்கிற ஒரே கவசம் கெடுப்பதற்கு முன்னால் எடுத்த படம்.

கோயிலிலிருந்து திருடு போன ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய சிலை 2014இல் திரும்பி வந்தது, அதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் எவ்வளவு துணை நின்றன என்பதும் தெரியும். அந்தப் படம் எடுத்தவர்களுக்குத் திருட்டு நடக்கப்போவது தெரியாது. ஊர் ஊராகப் போய் எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

யாரிடம் திருப்பித் தருவது?

குடும்பத்துக்குள் பெரிய விவாதம் இதில்தான். தம்பி மகன் கேட்டது நியாயமான கேள்வி: "2001இல் உடைச்சவங்க கையிலேயே மறுபடி கொடுக்கணுமா?" ஆகஸ்ட் 2021இல் தாலிபான் ஆட்சி திரும்பியது. அதே வருடக் கடைசியில் காபூல் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். தொல்பொருளைக் காக்க வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் அவர்களே அறிக்கையும் விட்டிருந்தார்கள். அறிக்கையை நம்பி அனுப்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் "அங்கே ஆபத்து" என்பது நாம் வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு ஆகாது. நடுவழி ஒன்றை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் பூபென்டார்ஃப் என்ற சின்ன ஊரில், யுனெஸ்கோ ஒப்புதலோடு, நாடு கடந்த ஆப்கான் அருங்காட்சியகம் என்று ஒன்று நடந்தது. சண்டையின் இரு தரப்பும் கேட்டுத்தான் அது தொடங்கியது. மக்கள் கொண்டுவந்து கொடுத்த பொருட்களைச் சேர்த்து, பட்டியல் போட்டு, இது ஆப்கான் மக்களுடையது, நாங்கள் பாதுகாக்கிறோம் என்று எழுதி வைத்து, 2007இல் சுமார் 1,400 பொருட்களைக் காபூலுக்கு அனுப்பினார்கள். யாருடையது என்ற கேள்விக்கு இன்றைக்கே பதில் எழுதிவிடலாம். எப்போது அனுப்புவது என்பதை அரசுகளும் யுனெஸ்கோவும் நிலைமை பார்த்து முடிவு செய்யட்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களுக்குத்தான் பொருள் கையில் தங்கிவிடுகிறது.

அம்மாவுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை. பதிவு விண்ணப்பத்தோடு ஆப்ஜெக்ட் ஐடி படிவம், படங்கள், ரசீது, இரண்டு பத்திரிகைத் தாள், அவருடைய கையெழுத்திட்ட வாக்குமூலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து, மகஜர் எழுதி, தலையைப் பரிசோதனைக்காகப் பஞ்சும் அமிலம் இல்லாத தாளும் வைத்த பெட்டியில் எடுத்துச் சென்றார்கள். ஈரம் பட்டால் சுதையில் உப்புப் பூத்து உதிரும், இந்த மலைக் காற்றில் அதை இனியும் வைத்திருக்க முடியாது என்று அவர்களே சொன்னார்கள். மண்ணைத் தட்டாமல், கழுவாமல் வைத்திருந்ததற்கு நன்றி சொன்னபோது நான் சமையலறை அக்காவைக் கைகாட்டினேன்.

விண்ணப்பத்தோடு அம்மா தனியாக ஒரு கடிதமும் எழுதினார். தமிழில், தம் கையாலேயே. தம் கணவர் காசு கொடுத்து வாங்கியது உண்மை, ஆனால் விற்றவனுக்கு விற்க உரிமை இருந்ததாகத் தமக்குத் தோன்றவில்லை, இது ஆப்கானிஸ்தான் மக்களுக்குச் சேர வேண்டியது, தம் வாரிசுகள் யாரும் உரிமை கோரக் கூடாது என்று எழுதியிருந்தார். தனியாள் அனுப்பச் சட்டம் இடம் தராது என்று நான் சொல்லியிருந்ததால் கீழே ஒரு வரி சேர்த்தார்: அரசாங்கம் எப்போது அனுப்பினாலும் அனுப்பும் செலவு என்னுடையது. படிவத்தில் அப்படி ஒரு இடம் இல்லை என்று அலுவலர் முதலில் தயங்கினார், அப்புறம் இணைப்பு என்று எண் போட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.